மனமுவந்து அளித்த நன்கொடை

வழக்கில் நாங்கள் ஜெயித்துவிட்டோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். “பணம் வந்துச்சா?” வந்தது. கட்டணம் வந்தது, நன்கொடை வந்தது, கொசுறாகக் கொஞ்சம் வட்டியும் வந்தது. பள்ளிக்கூடத்தின் வாய்க்குள் போன பணத்தை வெளியே இழுத்த மனுஷன் என்று என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் பெரிய பேர். இன்னும் யார் யாரோ ரசீதுக் கட்டோடு வீடு தேடி வந்து யோசனை கேட்கிறார்கள். “நல்ல வக்கீலா பாருங்க” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விடுகிறார். ஜெயித்த கர்வம் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

கர்வமுமில்லை, மண்ணுமில்லை. எங்கள் பெண் எங்களிடம் எதையும் கேட்பதில்லை. பணத்தை வாங்கப் போன இடத்தில் அவள் கேட்கிற வாயைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறோம். எந்த மன்றத்தில் மனுப் போட்டால் அது திரும்பக் கிடைக்கும் என்று எங்களுக்கே தெரியாதபோது அவர் யாருக்கு என்ன யோசனை சொல்வார்?

கேட்பதற்கென்றே பிறந்தவள் அவள். அவள் முதலில் பேசிய சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. “அது.” விரலை நீட்டிக்கொண்டு “அது, அது” என்பாள். கடைத்தெருவில் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இரண்டு பக்கமும் விரல் போய்க்கொண்டே இருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் விரலுக்குப் பதில் வாய் வந்தது. அவள் அப்பா அவளுக்குத் தொணா என்று பெயர் வைத்தார். தொணதொணப்பின் சுருக்கம். அவர் குளிர்சாதனப் பெட்டிகள், ஏசிகள் பழுதுபார்க்கிறவர். சாயங்காலம் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் வாசலில் நின்றுகொண்டே கேட்பார்: “என்ன தொணா, இன்னிக்கு என்ன லிஸ்ட்டு?” அவள் ஒப்பிப்பாள். வாசனை ரப்பர், மீன் தொட்டி, மொட்டை மாடியில் ஒரு கூடாரம், ஒரு தம்பி. பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. கிடைக்காததற்கு அழமாட்டாள். மறுநாள் பட்டியலில் அதை மேலே ஏற்றிவிடுவாள், அவ்வளவுதான்.

அப்படி மேலே ஏறி உட்கார்ந்ததுதான் அந்தப் பள்ளிக்கூடம். ஒரு விடுமுறை நாளில் அங்கே கம்ப்யூட்டர் அறை ஏசியைச் சரிசெய்யப் போனவர் இவளையும் கூட்டிக்கொண்டு போனார். ஏணி வைத்து ஏறிப் புத்தகம் எடுக்கும் நூலகம், நீல நிறத்தில் நீச்சல் குளம், வகுப்புக்கு வகுப்பு தனிச் சாயம் பூசிய கதவுகள் எல்லாவற்றையும் அவள் பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலம் வாசலில் லிஸ்ட் ஒரே ஒரு வரிதான். “எனக்கு அந்த ஸ்கூல் வேணும்.” பொம்மை கேட்கிற அதே குரல்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், அவளைவிட அவருக்குத்தான் ஆசை கூட. “அந்த ஸ்கூலுக்கு எத்தனையோ தடவ போயிருக்கேன். எல்லாம் பின்னாடி கேட்டு வழியா. முன்னாடி கேட்டு வழியா ஒரு தடவ அப்பாவா போகணும்” என்றார். இதைச் சொல்லும்போது கையில் சோற்றுக் கவளத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். சரி, இந்த மனுஷன் முடிவு பண்ணிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு வைத்தார்கள். தேறினாள். பிறகுதான் எங்களுக்குத் தேர்வு. கட்டணம் செலுத்தும் ஜன்னலில் கட்டணத்துக்கு ரசீது கொடுத்த பெண், “அடுத்த ரூமுக்குப் போயிட்டு வாங்க” என்றாள். அடுத்த அறையில் கழுத்துப் பட்டை கட்டிய ஒரு அலுவலர் நாற்காலி காட்டி, தண்ணீர் கொடுத்து, எங்கள் தலையில் நிதானமாக மிளகாய் அரைத்தார். பள்ளி வளர்ச்சிக்கு நன்கொடை. கட்டாயமே இல்லை. கொடுக்காவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும், அவ்வளவுதான். அவர் கேட்ட தொகைக்கு என் வீட்டுக்காரர் தன் சின்ன வேனை விற்க வேண்டியிருந்தது. கருவிகளோடு மறுபடி ஸ்கூட்டருக்கு இறங்கினார். ஒரு முணுமுணுப்பு இல்லை. “வேன் வெறும் தகரம்தானே” என்றார்.

பணம் கட்டிய அன்று அந்த அலுவலர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, தான் சொல்லச் சொல்ல இவர் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றார். அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டால் பின்னால் கட்டாயம் என்று யாராவது சொல்லிவிடுவார்களாம். “யாருடைய வற்புறுத்தலும் இன்றி” என்று அவர் சொல்ல, இவர் எழுதினார். வற்புறுத்துகிற ஆளே அதை வாய் கூசாமல் சொல்லிக்கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “மனமுவந்து இந்த நன்கொடையை அளிக்கிறேன்” என்றார். இவர் நாக்கை உதட்டோரம் வைத்துக்கொண்டு, பள்ளிப் பையன் மாதிரி, இருப்பதிலேயே நல்ல கையெழுத்தில் எழுதினார். எழுதி என்னிடம் காட்டினார்.

“மனமுவர்ந்து” என்று இருந்தது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அது வேலை என்பதைவிட வியாதி என்று சொல்லலாம். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைப் பார்ப்பதற்கு முன்னால் ஒற்றுப்பிழையைப் பார்ப்பேன். மருந்துச் சீட்டில்கூடப் பேனாவோடு பாய்ந்திருக்கிறேன்.

“ர் கிடையாது” என்றேன்.

“உயர்ந்துன்னு வருதுல்ல? அது மாதிரி நெனச்சேன்.”

“உவர்னா உப்பு. மனசெல்லாம் உப்புக் கரிக்கக் கரிக்கக் குடுக்கறேன்னு எழுதியிருக்கீங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அலுவலரும் சிரித்து, “ஒரு எழுத்துதானே மேடம், விட்டுடுங்க” என்றார். எனக்கு விட மனசு வரவில்லை. பேனாவை வாங்கி அந்த ‘ர்’ மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நாங்கள் அச்சகத்தில் போடுகிற நீக்கல் குறியையும் போட்டேன். அப்படியென்றால் திருத்தத்துக்குப் பக்கத்தில் நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார் அலுவலர். அதையும் போட்டேன். சுத்தமான பிரதி என்று மனசுக்குள் ஒரு திருப்தி வேறு.

வெளியே வந்ததும் அவர் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகாமல் எங்கள் இரண்டு பேரையும் முன்வாசல் வழியாக ஒரு சுற்று நடத்திக் கூட்டிப்போனார். காவலாளி வணக்கம் வைத்தார். இவரும் வைத்தார். தொணா இரண்டு பேரையும் விட பலமாக வைத்தாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடினார். அவருக்குப் பாட்டே வராது. மனமுவந்து என்ற சொல்லுக்கு ஒரு மனுஷ முகம் உண்டென்றால் அது அன்றைக்கு அவர் முகம்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சொல்ல வேண்டிய இடத்தில்தான் சொல்ல முடியாமல் போயிற்று.

பள்ளி திறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டை விற்றுவிட்டார். எங்கள் கைக்கு அடங்கிய வாடகையில் வீடு கிடைத்தது ஊரின் மறுகோடியில். பள்ளிப் பேருந்து அந்தப் பக்கமே வராது. பத்து வயதுப் பிள்ளை இரண்டு பஸ் மாறிப் போய் வர வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா விதமாகவும் யோசித்துப் பார்த்துவிட்டு, சேரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கப் போனோம். தொணா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், “அப்போ பக்கத்து ஸ்கூலுக்குப் புதுப் பை வேணும்” என்றாள். நல்ல பிள்ளை என்று பையை வாங்கிக் கொடுத்தோம்.

கழுத்துப் பட்டைக்காரர் இந்தத் தடவை தண்ணீர் கொடுக்கவில்லை. “குடுத்ததத் திருப்பிக் கேக்கறது நல்லாவா இருக்கு?” என்றார். ஒரு நாள்கூட அந்த நாற்காலியில் எங்கள் பிள்ளை உட்காரவில்லையே என்றோம். ரசீதின் பின்னால் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினார். எந்தக் காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. அதில் ஒரு சந்திப்பிழை இருந்தது. பிறகு நடையாய் நடந்து கேட்டோம், கடிதம் போட்டோம். கிணற்றில் போட்ட கல். எங்கள் பெண்ணின் இடத்தை அந்த வாரமே வேறொரு பிள்ளைக்கு, வேறொரு நன்கொடைக்குக் கொடுத்திருந்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒரே நாற்காலியை இரண்டு தடவை விற்றிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது என் வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தில் வீட்டுச் சுவர் அதிர்ந்தது. புது வீட்டு முன்பணத்துக்கு என் அண்ணனிடம் கைநீட்டியிருந்தோம். வேனும் போய், இடமும் போய், கடனும் வந்த கதை.

நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போடலாம் என்று அண்ணன்தான் ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பினான். கெட்டிக்காரப் பெண். காகிதங்களைப் புரட்டினாள். “கட்டணத்த வாங்கிடலாம், அதுல சிக்கலே இல்ல. நன்கொடைதான் இடிக்குது. பரிசா குடுத்தத யாரும் திருப்பிக் கேக்க முடியாதுன்னு வாதாடுவாங்க” என்றாள். பிறகு அந்தத் தாளின் நகலை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். “இது யாரு திருத்தினது?”

“நான்தான்” என்றேன்.

“ஏங்க, யாராவது தனக்குத்தானே குழி தோண்டிட்டு, ஓரம் சரியில்லன்னு அதச் செதுக்கி வேற வெப்பாங்களா?”

என் வீட்டுக்காரர் அதற்கும் சிரித்தார். வக்கீலம்மா சிரிக்கவில்லை. மனைவி படித்துப் பார்த்து, எழுத்துப் பிழையைக்கூடத் திருத்திக் கொடுத்திருக்கும்போது கட்டாயம் எங்கே வந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்றாள். ஆகவே மன்றத்தில் இவர் வாயால் தெளிவாக வர வேண்டும். எப்படிச் சுற்றிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். மனசு இல்லை. மனசு இல்லாமல்தான் கொடுத்தேன்.

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். தொணா தூங்கிய பிறகு நான் எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று கேட்டேன். “மனசோட குடுத்தீங்களா?” அவரால் சொல்ல முடியவில்லை. வாய் கோணி, சிரிப்பு வந்து, “எப்படிச் சொல்றது? சந்தோஷமாத்தானே குடுத்தேன்” என்றார்.

“கட்டாயப்படுத்தினாங்களா இல்லியா?”

“படுத்தினாங்க.”

“அப்புறம் என்ன? அதச் சொல்லுங்க.”

“அது வேற, இது வேற இல்லியா?”

வேறுதான். கழுத்தைப் பிடித்து வாங்கினார்கள் என்பதும் உண்மை, அவர் மனம் குளிர்ந்துபோய்க் கொடுத்தார் என்பதும் உண்மை. பணத்தைப் பிடுங்கினவன் ஒருவன், கொடுத்தது வேறொருத்திக்கு. ஆனால் மன்றத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்ல இடம் கிடையாது. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். நாங்கள் காசு வருகிற உண்மையைப் பொறுக்கி எடுத்தோம்.

விசாரணை நாளன்று தொணாவின் பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்து விடுமுறை விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் ஊரில் இல்லை. தனியாக விட முடியாமல் கூட்டிக்கொண்டு போனோம். மன்றம் என்றால் என்னவோ என்று அவள் எதிர்பார்த்து வந்தாள். அது வங்கிக் கிளை மாதிரி ஒரு கூடம். மேலே சுற்றும்போது கிறீச்சிடும் மின்விசிறி, மேடையில் மூன்று நாற்காலிகள், கீழே வரிசையாக பெஞ்சுகள். எங்களுக்கு முன்னால் இருந்த வழக்குக்காரர் துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவைக் கழற்றிச் சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த வட்டக் கண்ணாடி வழியாகத் தொணா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். “அம்மா, நமக்கும் இந்த மாதிரி மெஷின் வேணும், கதவோட” என்று காதில் சொன்னாள். அவள் எங்களிடம் வேணும் என்று சொன்னது அதுதான் கடைசி என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, வண்ணம் தீட்ட உலகப் படத்தைக் கொடுத்துவிட்டு முன்னால் போனோம். என் வீட்டுக்காரர் கையை உயர்த்தி, சொல்லப்போவதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தார். நல்ல கணீர்க் குரல் அவருக்கு.

பள்ளிக்கூடத்து வக்கீல் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் தொண்டையைக் கனைக்கிற ஆள். அந்தத் தாளை எடுத்து விரித்தார். இது உங்கள் கையெழுத்துத்தானே, இது உங்கள் மனைவி திருத்தியதுதானே என்று ஆரம்பித்து, என்னையும் ஒரு பார்வை பார்த்து, “ஒரு எழுத்துக்கூடத் தப்பா இருக்கக் கூடாதுன்னு அவ்வளவு அக்கறையா குடுத்திருக்கீங்க, இல்லியா?” என்றார். கூடத்தில் யாரோ சிரித்தார்கள்.

“அது அவ பழக்கம் சார்” என்றார் இவர்.

கனைப்பு. “உங்க பொண்ணு அங்க படிக்கணும்னு ஆசப்பட்டீங்களா, இல்லியா?”

இவர் எங்கள் வக்கீலம்மாவைப் பார்த்தார். அவள் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு விண்ணப்பம் போட்டீங்க?”

“பொண்ணு கேட்டா. நச்சரிச்சா. தொல்ல தாங்காம போனேன்.”

கனைப்பு. “பெத்த பொண்ணுக்கு மனசாரச் செலவு பண்ற அப்பா இல்லியா நீங்க?”

அது ஒரு கண்ணி. ஆமாம் என்றால் வழக்கு போச்சு. அவருக்கு வேன், கடன், இரண்டு தடவை விற்ற நாற்காலி, தண்ணீர் கொடுக்காத அந்த ஆள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டது. “இல்ல சார். மனசார எல்லாம் குடுக்கல. அவளுக்காக ஒரு சல்லிக் காசு குடுக்கவும் எனக்கு மனசு இல்ல. வயிறு எரிஞ்சுதான் குடுத்தேன். இன்னிக்கும் எரியுது. போதுமா?”

மேடையில் நடுவில் இருந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எங்கள் வக்கீலம்மா என் பக்கம் திரும்பி இமையை ஒரு தடவை மூடித் திறந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிரிப்பை அடக்கத் தெரியாமல் ஒத்திகையில் தடுமாறின மனுஷனா இது என்று இருந்தது. அந்தப் பெருமையோடு திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அவள் குனிந்து கடலுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நல்லவேளை, விளையாட்டு மும்முரத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று நினைத்தேன். அவ்வளவு சின்னக் கூடத்தில், அவர் குரலுக்கு, காதில் விழாத மூலை ஏது?

வெளியே வந்ததும் அவருக்கு வெற்றிக் களை. பஸ் நிறுத்தத்தில் ஐஸ் வண்டிக்காரரைப் பார்த்து, “தொணா, ஐஸ்கிரீம்?” என்றார்.

“வேணாம்ப்பா. தொண்ட வலிக்குது.”

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கு அவள் சண்டை போடவில்லை. களைப்பு என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

அதற்கப்புறம் எப்போது என்ன மாறியது என்று என்னால் தேதி போட்டுச் சொல்ல முடியாது. ஒருவர் கேட்பதை நிறுத்தினால் சத்தமா வரும்? பென்சில் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்தும் புதுசு கேட்கவில்லை. நானாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால், “உள்ளதே நல்லா இருக்கும்மா” என்றாள். நான் பூரித்துப் போனேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். அச்சகத்தில் போய், “என் பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சு” என்று அளந்தேன். அண்ணன்கூட, “உன் பொண்ணப் பாத்துத்தான் என் பசங்க கத்துக்கணும்” என்றான்.

அவருக்குத்தான் முதலில் உறுத்தியது. சாயங்காலம் வாசலில் நின்று, “என்ன தொணா, என்ன லிஸ்ட்டு?” என்பார். “ஒண்ணும் இல்லப்பா” என்று தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள். கருவிப் பையை இறக்காமலே கொஞ்ச நேரம் நிற்பார். “ஒண்ணுகூடவா?” “ஒண்ணும் வேணாம்ப்பா. நீங்க உக்காருங்க.” அவரை அவள் நீ என்றுதான் சொல்லுவாள். எப்போது நீங்க ஆனார் என்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

தீர்ப்பு வந்தது. வக்கீலம்மா நகலை அனுப்பியிருந்தாள். ‘மனுதாரர் எவ்வித விருப்பமுமின்றியே இத்தொகையை அளித்தார் என்பது அவரது சத்தியப்பிரமாண வாக்குமூலத்தால் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகிறது’ என்று ஒரு பத்தி. அந்தப் பக்கத்தில் மட்டும் நாலு ஒற்றுப்பிழை. நான் பேனாவை எடுக்கவில்லை.

பணம் கைக்கு வந்ததும் அண்ணன் கடனை அடைத்தோம். மிச்சத்தில் அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்க வேண்டும் என்று கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அரை மணியில் இரண்டு பேரும் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். “ஸ்கூல் பக்கம்தானேப்பா, நடந்தே போயிக்கறேன்னு சொல்லிட்டா” என்றார் என்னிடம். அடுப்படியில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, “இவளுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். வளர்ந்துட்டா என்றேன். அவர் நம்பவில்லை. நானும் அந்தக் கணத்திலிருந்து நம்பவில்லை.

போன வாரம் அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பாசிரியை எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து கை கொடுத்தார். “உங்க பொண்ணு மாதிரி ஒரு பொறுப்பான பிள்ளைய நான் பாத்ததில்ல. ஆனா கண்ணாடி விஷயத்த இன்னும் தள்ளிப்போடாதீங்க.”

“எந்தக் கண்ணாடி?” என்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கரும்பலகை எழுத்து தெரியவில்லை என்று அவளே வந்து சொன்னாளாம். வருஷ ஆரம்பத்திலேயே. முதல் பெஞ்சில் இடம் கேட்டாளாம். வீட்டில் சொன்னாயா என்று கேட்டதற்கு, “சொல்லிட்டேன் மிஸ், அப்பா பாத்துட்டிருக்காங்க” என்றாளாம். முதல் பெஞ்சிலிருந்தும் இப்போது எழுத்து கலங்குவதால் இடைவேளையில் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறாளாம். மதிப்பெண் குறையாததால் அவரும் வற்புறுத்தவில்லை என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு அல்ல அது.

வராந்தாவில் அவள் தூணில் சாய்ந்து எங்களுக்காகக் காத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினாள். சமீப காலமாக அப்படிச் சுருக்குகிறாள். அது வளர்கிற வயதின் முகவாட்டம் என்று நான் நினைத்திருந்தேன். பெற்ற பிள்ளையின் முகத்தைப் படிக்கத் தெரியாதவள் ஊரார் எழுத்தையெல்லாம் திருத்திக்கொண்டிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் அப்பா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “ஏம்மா எங்ககிட்டச் சொல்லல?”

“மொத பெஞ்சுல உக்காந்தா தெரியுதுப்பா. செலவே இல்ல.”

செலவு என்ற சொல் அவள் வாயில் பழகிப்போய்ச் சாதாரணமாக வந்தது. அவருக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. எனக்கும்தான். அவர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“தொணா, அன்னிக்கு அங்க அப்பா சொன்னதக் கேட்டுட்டிருந்தியா?”

அவள் கையை மெல்ல உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

“அது பொய்ம்மா. கேஸுக்காகச் சொன்னது. அந்த ஆளு அப்படிக் கேட்டான், நான் இப்படிச் சொன்னேன். உனக்கு அந்த ஸ்கூல் கெடச்சப்ப என்னவிட சந்தோஷப்பட்டவன் எவனும் இல்ல. அம்மாவ வேணா கேளு. அத்தனையும் பொய்.”

நான் வேகவேகமாகத் தலையாட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாதிரி, மரியாதையாகக் கேட்டாள்.

“சத்தியம் பண்ணிட்டுத்தானேப்பா சொன்னீங்க?”

அவர் பிடித்த கையை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வேறு பெற்றோர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத்தான் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். “எந்திரிங்கப்பா, பேன்ட் அழுக்காயிடும்” என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அங்கிருந்து நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனோம். பரிசோதித்தவர், தூரத்தில் இருப்பதுதான் சரியாகத் தெரியவில்லை, கிட்டத்தில் பார்ப்பதில் குறையே இல்லை என்றார். கடைக்காரர் ஒரு தட்டு நிறையப் பல நிறச் சட்டங்களை எடுத்து அவள் முன்னால் வைத்து, “எது வேணும்னு பாத்து எடு பாப்பா” என்றார். ஊதா இருந்தது, சிவப்பு இருந்தது, ஓரத்தில் மினுங்குகிற ஒன்று இருந்தது. முன்பானால் தட்டோடு கேட்டிருப்பாள். அவள் ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடிப் பக்கம் திரும்பவும் இல்லை. ஒவ்வொரு சட்டமாக எடுத்துக் காதுப் பக்கத்துக் காம்பைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த விலையைப் படித்துப் படித்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.